இரண்டு கார்புரேட்டர், ஒரு காது

எங்கள் வீட்டில் மனிதர்களுக்கு இருமல் வந்தால் ஒரு தம்ளர் சுக்குக் கஷாயத்தோடு முடிந்துவிடும். காருக்கு இருமல் வந்தால் தீர்ந்தது. அன்றைக்கு யாருக்கும் நேரத்துக்குச் சோறு கிடையாது, கேஸ் சிலிண்டர் மாற்ற ஆள் கிடையாது, வாசலில் வந்து நிற்பவரை வாங்க என்று சொல்லவும் ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர் பானெட்டைத் தூக்கி நிறுத்தி அதற்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு அழுக்கு லுங்கியும் இரண்டு குதிகால்களும்தான் தெரியும். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு அம்மா, "உங்க வீட்டுக்கு ஒரு மெக்கானிக் வர்றாரே, ஆள் எப்படி, நம்பலாமா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார். நம்பித்தான் கல்யாணமே செய்துகொண்டேன் என்று சொன்னேன்.

அது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய சீமை ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்துப் போட்டுக்கொள்ள ஒரு கேன்வாஸ் துணி உண்டு, அதை மாட்டி முடிப்பதற்குள் மழை நின்றுவிடும். தரையோடு தரையாகத் தவழும். புடவை கட்டிக்கொண்டு அதில் ஏறி இறங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனாலும் கரும்பச்சை நிறத்தில், நீண்ட மூக்கோடு, குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் எங்கள் வீட்டு வாசலில் அது முதன்முதலாக வந்து நின்றபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதை வெளியே காட்டிக்கொள்ள முடியுமா? "இந்தச் சவத்தை எங்க கொண்டு நிறுத்தப் போறீய?" என்றுதான் கேட்டேன்.

நாங்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கம். ஹைதராபாத்துக்கு வந்து இத்தனை காலம் ஆகியும் வாயைவிட்டு ஊர்ப் பேச்சு போகவில்லை. நடுநடுவே ஆமாவுக்கு ஹவ், வேண்டாமுக்கு நக்கோ என்று இந்த ஊர்ச் சொற்களும் வந்து ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான். இவருக்கு ராணுவத்துக்காக எஞ்சின் செய்கிற மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை. செய்து முடித்த எஞ்சினை ஒரு அறைக்குள் முழு வேகத்தில் ஓடவிட்டு, பக்கத்தில் நின்று சோதிப்பது இவர் பிரிவு. எனக்கு சிகந்திராபாத் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் காதுதான் சோறு போட்டது.

காரை விற்றவர் போலாரத்தில் ஒரு பழைய பங்களாவில் தனியாக இருந்த ராணுவ அதிகாரி. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆனவர். கை நடுக்கம் வந்து ஓட்ட முடியாமல் போக, கார் புளியமரத்தடியில் நின்றிருந்தது. அந்தப் பக்கம் ஏதோ வேலையாகப் போன இவர் அதைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் சும்மா இருப்பாரா? லீவு கிடைத்த நாளெல்லாம் போய் அந்த பங்களா வாசலில் நின்றார். கடைசியில் அந்த மனிதரே அலுத்துப்போய், ஒரு நிபந்தனையோடு காரைக் கொடுத்தார். "ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கேட்டைத் தாண்டி ஒரு தடவை ஓட்டிக்கொண்டு போ. நிற்க வேண்டாம், உள்ளே வர வேண்டாம். எனக்குச் சத்தம் கேட்டால் போதும்" என்று இந்தியில் சொன்னாராம். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வந்தது அப்படித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு முகத்தில் காற்று அடிக்கிறது. விடிந்ததும் ஒரு வாய் காபி. தலையில் இறுக்கமாக ஒரு ஸ்கார்ஃப். போயின்பள்ளி தாண்டி, திருமலகிரி தாண்டி, ராணுவத்துப் பகுதிக்குள் நுழைந்துவிட்டால் இரண்டு பக்கமும் மரங்கள், வெள்ளையடித்த அடிமரங்கள், வெள்ளை பனியன் போட்டு ஓடுகிற சிப்பாய்கள். அந்த கேட் நெருங்கும்போது இவர் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதிப்பார். கேட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அதிகாரி, காதில் விழுந்தது என்பதற்கு அடையாளமாகக் கையை மேலே தூக்குவார். நாங்கள் நிற்காமல் போய்விடுவோம். கொஞ்ச தூரத்தில் ஒரு வேப்பமரத்தடி டீக்கடை. அங்கே டீ குடித்துவிட்டுத் திரும்புவோம்.

போகும்போதும் பேசுவேன், வரும்போதும் பேசுவேன். வாரம் முழுக்கக் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஊரார் பேசுவதற்கு வழி செய்துவிட்டு, நடுவில் ஒரு வார்த்தை நுழைக்காமல் உட்கார்ந்திருந்தவள் நான். எல்லாவற்றையும் சேர்த்துவைத்து ஞாயிற்றுக்கிழமை கொட்டுவேன். சூப்பர்வைசர் சொன்னது, பால்காரன் தண்ணீர் கலந்தது, ஊரிலிருந்து அண்ணன் எழுதாதது, எல்லாம். இவர் பேச்சு குறைவு. ரோட்டைப் பார்த்துக்கொண்டே தலையை என் பக்கம் லேசாகச் சாய்த்து, "அப்புறம்?" என்பார். அந்த ஒரு வார்த்தை போதும், நான் போலாரம் வரைக்கும் ஓடுவேன். இரண்டு சீட்டுக்கும் பின்னால் பை வைக்கிற இடத்தில் முடங்கி உட்கார்ந்திருக்கும் எங்கள் மகள், அப்போது சின்னப் பெண், "கைக்கு மம்மி, இத்னா பாத்தாங் கர்தே?" என்று அலுத்துக்கொள்வாள். ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கிறாளாம். நாங்கள் தமிழில் எதைக் கேட்டாலும் அவளுக்கு வாயில் வருவது இந்த ஊர் இந்திதான்.

அந்த அதிகாரி காலமாகிவிட்டார். பங்களா போய், கேட் இருந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவர் வந்தது. மகள் படித்து, வேலை கிடைத்து, புனேயில் குடும்பமாகிவிட்டாள். நாங்கள் இருவரும் ரிடையர் ஆனோம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போலாரம் நிற்கவில்லை. அந்தச் சுவர் நெருங்கும்போது இவர் கால் தானாகவே கொஞ்சம் கூடுதலாக மிதிக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் என்பது காரைச் சரிசெய்கிற நேரம். கார்புரேட்டர் என்றால் என்னவென்று கேட்டுக் கேட்டே எனக்குப் பாடமாகிவிட்டது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டிவிடுகிற சாமான். எங்கள் காருக்கு அது இரண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒவ்வொன்றின் அடியிலும் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைக் குழாய். பெட்ரோல் அதன் வழியாகத்தான் மேலே ஏறும். அதற்குக் கீழே இருக்கிற நட்டைத் திருகி ஜெட்டை இறக்கினால் பெட்ரோல் கூடும், ஏற்றினால் குறையும். கூடினால் கரி, குறைந்தால் இருமல். காபிக்கு டிகாஷன் விடுகிற கணக்குதான். இதை இவரிடம் சொன்னால் கோபம் வந்துவிடும்.

ஜெட்டைத் தொடுவதற்கு முன்னால், இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு மீட்டர் எல்லாம் கிடைக்கிறது, இவர் தொட மாட்டார். எங்கள் பழைய கேஸ் அடுப்பிலிருந்து வெட்டியெடுத்த ஒரு ரப்பர் குழாய், ஒரு முழம்கூட வராது. அதன் ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயில் பிடித்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். உஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம். முன்னதில் கேட்டு, பின்னதில் கேட்டு, இரண்டும் ஒன்றுபோல வரும்வரை திருகுவார். குழாய் நீளமானால் சத்தம் குழம்பிவிடும் என்பது இவர் கட்சி, அதனால் எஞ்சின்மேல் கவிழ்ந்து கிடந்துதான் கேட்க முடியும். கண்ணை மூடி, உதட்டைக் குவித்துக்கொண்டு இவர் கேட்கிற முகம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாரே, அந்த முகம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கார் கெட்டுப்போக ஆரம்பித்தது. மெட்ரோ தூண்களுக்குக் கீழே சிக்னலில் நின்றால் உடம்பெல்லாம் உதறியது, இருமியது, சில நாள் அப்படியே அணைந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அடித்து எங்கள் குடும்பத்தையே தெலுங்கில் விசாரித்தான். இவர் முதலில் பெட்ரோலைத் திட்டினார். "இப்ப வாரதெல்லாம் சாராயம் கலந்த பெட்ரோலு." அப்புறம் ஜெட் தேய்ந்துவிட்டது என்றார். புது ஜெட் சீமையிலிருந்து வந்தது. அதற்கான நட்டை மல்லாபூரில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினார். எதுவும் உதவவில்லை. ஒவ்வொரு தடவையும் பின்பக்க ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி அப்பிக் கிடந்தது. சனிக்கிழமை சாயங்காலத்து வேலை சனிக்கிழமை முழுநாள் ஆயிற்று. பிறகு தினமும் ஆயிற்று.

கார் மட்டும் என்றால் பரவாயில்லை. மனிதரும் மாறிப்போனார். போலாரம் போகிற வழியில் நான் பேசிக்கொண்டே வருவேன், "அப்புறம்?" வராது. ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சில சமயம் நான் முக்கியமாக ஏதாவது சொல்வேன், சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவார். ரிடையர் ஆன ஆம்பிளைகள் இப்படி ஆவது உண்டு, கொஞ்ச நாளில் சரியாகும் என்று எக்ஸ்சேஞ்சில் கூட வேலைபார்த்த ஒருத்தி எனக்குச் சொன்னாள். நானும் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் திருமலகிரி தாண்டும்போது பொறுக்கவில்லை. "ஏங்க, நான் பேசுதது உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?" என்று கேட்டேன்.

சிரித்துக்கொண்டே ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

இவ்வளவு நாள் இவருக்காகத்தான் இந்தச் சவத்தில் ஏறி இறங்கினேன், இவருக்காகத்தான் வெயிலிலும் மழையிலும் வந்தேன் என்றெல்லாம் உள்ளுக்குள் பொங்கியது. ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று டீக்கடையில் டீயும் குடிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழங்கால் வலி என்றேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, "நீங்க போயிட்டு வாங்க" என்றேன். இவர் தனியாகப் போய்வந்தார். ஏன் வரவில்லை என்று இவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்துக்குப் பத்து ஹாலில் இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்தோம். டிவி சத்தத்தை இவர் கூட்டுவார், நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "வண்டிய வித்திரலாம்னு இருக்கேன்." கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைபார்க்கும் ஒரு தமிழ்ப் பையன், பழைய கார் பைத்தியம், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறானாம். மகளுக்குப் போன் செய்து புலம்பினேன். "பேச்னே தோ மம்மி, டாடிக்கு அதைப் பார்த்தாலே டென்ஷன் ஹோரா" என்றாள். விற்கட்டும் என்கிறாள். சரி, என்னமும் செய்யட்டும், எனக்கென்ன வந்தது என்று நானும் வீராப்பாக இருந்தேன். அடுக்களையில் போய் அழுதேன்.

பையன் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், இவர் கடைசியாக ஒரு முயற்சி செய்துகொண்டிருந்தார். வாங்க வருகிறவன் முன்னால் வண்டி இருமக் கூடாதாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உதறுகிற உதறலில் எங்கள் இரும்பு கேட்டின் தாழ்ப்பாள் கடகடவென்று ஆடியது. நான் காபி கொண்டுபோய் இவருக்கு இடது பக்கமாக நின்று, "காபி" என்றேன். அசையவில்லை. "காபிங்கேன்!" அசையவில்லை. எனக்கு வந்த கோபத்தில் தம்ளரை மட்கார்டின்மேல் ணங்கென்று வைத்தேன். திடுக்கிட்டு நிமிர்ந்தவருக்குப் பானெட்டில் தலை இடித்தது.

"சொல்லிட்டு வரப்படாதாட்டி?"

"தொண்டத் தண்ணி வத்தச் சொல்லியாச்சு! பதில் சொல்ல மனசு இருந்தால்லா?"

"நீ எங்க சொன்ன?" என்றார். நடிப்பு இல்லை. நிஜமாகவே முழித்தார். ஆனால் கோபத்தில் அதை எங்கே கவனித்தேன். "குடுங்க இங்க, அப்படி என்னத்தக் கேக்கீய இதுல, நானும் கேக்கேன்" என்று ரப்பர் குழாயைப் பிடுங்கிக் காதில் வைத்தேன்.

டிரங்க் கால் காலத்தில் லைனில் வருகிற இரைச்சலை வைத்தே அந்தப் பக்கம் மெட்ராஸா நாக்பூரா என்று சொன்னவள் நான். முன் கார்புரேட்டரில் வைத்தேன், புஸ்ஸென்று சீறியது. பின்னதில் வைத்தேன், இருக்கிறதா இல்லையா என்பதுபோல லேசான மூச்சு.

"முன்னது ஆள முழுங்குத மாதிரி இழுக்கு. பின்னது பட்டினி கெடக்கு. இதுகூடவா தெரியல?"

"கோட்டியாட்டி ஒனக்கு? ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. இந்தா பாரு" என்று குழாயை வாங்கி எனக்குச் செய்துகாட்டினார். மட்கார்டு ஓரமாக எஞ்சினைப் பார்க்க நின்றார். முன் கார்புரேட்டர் இவருடைய இடது கைப் பக்கம். அந்தப் பக்கம் சாய்ந்து இடது காதில் வைத்துக் கேட்டார். பின் கார்புரேட்டர் வலது கைப் பக்கம். இந்தப் பக்கம் சாய்ந்து வலது காதில் வைத்துக் கேட்டார். "ஒண்ணுதான்" என்றார்.

முப்பது வருஷத்துக்குப் பக்கமாக இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். குட்டைக் குழாய், அதனால் முன்னதுக்கு இந்தக் காது, பின்னதுக்கு அந்தக் காது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"முன்னதுலயே வைங்க. வலது காதுல கேளுங்க."

"எதுக்கு?"

"சும்மா கேளுங்கங்கேன்."

உடம்பைத் திருகிக்கொண்டு வலது காதில் வைத்தார். மூடியிருந்த கண் திறந்தது. இடது காதுக்கு மாற்றினார். மறுபடி வலது. மறுபடி இடது. பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, கவிழ்த்துப் போட்டிருந்த பெயிண்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்தார். நல்ல வெயில். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

தப்பு ஜெட்டில் இல்லை, பெட்ரோலில் இல்லை. இடது காது மங்கிப்போனதால் முன் கார்புரேட்டரின் சத்தம் இவருக்குக் குறைவாகக் கேட்டிருக்கிறது. அதைப் பின்னதற்குச் சமமாக்க வேண்டும் என்று முன்னதைத் திறந்துகொண்டே போயிருக்கிறார். பின்னது காற்றுக்கு ஏங்கியிருக்கிறது. அது தொய்கிறதே என்று அதன் ஜெட்டை இறக்கி இறக்கிப் பெட்ரோலை ஊற்றியிருக்கிறார். கரி அடையாமல் என்ன செய்யும்?

"எப்பம் இருந்து?" என்று கேட்டேன்.

"தெரியல."

"பொய் சொல்லாதீய."

குழாயை உருட்டிக்கொண்டே சொன்னார். "ரெண்டு வருசம் இருக்கும். போன எடுத்து இடது காதுல வச்சா ஒண்ணும் கேக்கல. அழுக்கு அடச்சிருக்குன்னு நெனச்சேன். அப்புறம் தெரிஞ்சுபோச்சு. ஃபாக்டரில அந்த எஞ்சின் ரூம்ல நிக்கும்போது இடது பக்கம்லா எஞ்சின் இருக்கும்."

"தெரிஞ்சும் வாயத் தொறக்கலையே!"

"என்னன்னு சொல்ல? செவிடுன்னா? சொன்னா நீ கத்திக் கத்திப் பேசுவ. மக வண்டியத் தொட விடமாட்டா. வண்டி சரியாயிட்டுன்னா நானும் சரியாத்தான் இருக்கேன்னு ஒரு இது."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "அப்ப கார்ல நான் பேசினது?"

"கார்ல இந்த நல்ல காதுல எஞ்சின் சத்தந்தான் நெறஞ்சு கெடக்கும். ஒன் வாய் அசையது தெரியும். சிரிச்சுக்கிட்டுத் தலைய ஆட்டிக்கிடுவேன்."

காரில் ஓட்டுகிறவர் வலது பக்கம். கூட வருகிறவள் இடது பக்கம். நான் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசியதெல்லாம் அந்தச் செத்த காதிடம்தான். தொந்தரவா என்று கேட்டதும் அதனிடம்தான். நான் ஒரு வருஷமாக முறைத்துக்கொண்டிருந்தது, காதில் விழாத ஒரு கேள்விக்காக.

"ஒரு நாளு ஒண்ணு கேட்டேன். அதுக்கும் தலைய ஆட்டினீய" என்றேன்.

"என்னட்டி கேட்ட?"

"ஒண்ணுமில்ல. எந்திரிங்க, வேலையப் பாப்போம்."

அன்று சாயங்காலம் வரை குழாய் என் காதில், ஸ்க்ரூடிரைவர் இவர் கையில். "இன்னும்... இன்னும் கொஞ்சம்... ஐயோ போதும், பின்னால வாங்க." "ஒழுங்கா சொல்லுட்டி, கொஞ்சம்னா எவ்வளவு?" "கொஞ்சம்னா கொஞ்சம்தான்." இரண்டு சத்தமும் ஒன்றான பிறகு, இவர் கீழே கையை விட்டு ஜெட் நட்டுகளை மெல்ல மெல்ல ஏற்றினார். கை நன்றாக நினைவு வைத்திருந்தது. எஞ்சின் ஒரு தடவை குலுங்கி அடங்கியது. எங்கோ தொலைந்துபோயிருந்த அந்தப் பழைய சத்தம், ஸ்கார்ஃப் கட்டிய நாட்களின் சத்தம், திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்றது. கேட் தாழ்ப்பாள் ஆடுவது நின்றுவிட்டது.

இவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பையன் குடுத்து வச்சவன். நல்ல வண்டியா கெடைக்கப் போவுது."

எனக்குச் சுருக்கென்றது. "இன்னமுமா விக்கப் போறீய?"

"காது கேக்காதவனுக்கு இது எதுக்கு? நான் ஓட்டுதேன், பின்னால வாரவன் ஹாரன் கேக்கல. எவன் மேலயாச்சும் ஏத்திட்டா? வாக்குக் குடுத்தாச்சு, கொண்டுபோட்டும்."

ராத்திரி வெந்தயக் குழம்பு வைத்தேன், இவருக்குப் பிடிக்கும். இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்கார்ஃபைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். "பத்து மணிக்குத்தானே வாரான். கடைசியா ஒருக்கா போலாரம் போயிட்டு வந்துருவோம்." இவர் முகம் மலர்ந்துவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்டீரிங்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். நான் இடது பக்கம் போகவில்லை. வலது பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றேன்.

"எந்திரிங்க. நான் ஓட்டுதேன்."

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் கடைகண்ணிக்கு என்று இருக்கிற சின்ன காரை நான் வெகுகாலமாக ஓட்டுகிறேன். ஆனால் இந்தக் காரின் ஸ்டீரிங்கை இவரைத் தவிர எந்தக் கையும் தொட்டதில்லை. மகள் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை ஆசையாகக் கேட்டும், நக்கோ என்று சொன்ன மனிதர்.

"எதுக்கு?"

"நீங்க அந்தப் பக்கம் உக்காந்தா, கேக்குத காது என் பக்கம் இருக்கும்."

ஸ்டீரிங்கை ஒரு தடவை உள்ளங்கையால் துடைத்தார். பிறகு இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு போய், இத்தனை காலம் நான் உட்கார்ந்த சீட்டில் காலை மடக்கிக் கஷ்டப்பட்டு உட்கார்ந்தார். "இதுல ஏறதுக்கு இவ்வளவு பாடா?" என்றார். "இப்பம் தெரியுதா?" என்றேன்.

அம்மாடி, அந்த கிளட்ச்! மாவாட்டுகிற கல்லைக் காலால் தள்ளுவதுபோல இருந்தது. காலனி முனையில் ஒரு தடவை எஞ்சின் அணைந்துபோனது. மெட்ரோ தூண் சிக்னலில் இன்னொரு தடவை. "கியர மெதுவா, மெதுவா! பல்லு உடஞ்சிரும்!" என்று இவர் கதறினார். "வாய மூடிக்கிட்டு வாங்க, தொந்தரவு பண்ணாம" என்று நான் கத்தினேன். போயின்பள்ளி தாண்டியதும் காருக்கு நானும் எனக்குக் காரும் பழகிவிட்டோம். சிக்னலில் நின்றால் உதறல் இல்லை, இருமல் இல்லை. திருமலகிரி மரங்களுக்குக் கீழே வந்தபோது இவர் சீட்டில் சாய்ந்துகொண்டார்.

போலாரத்தில் அந்தப் பள்ளிக்கூடச் சுவர் வந்தது. நான் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தேன். பக்கத்தில் இவர் கையை மேலே தூக்கினார், அந்த அதிகாரி தூக்குவாரே, அப்படியே. எனக்குக் கண் மறைத்தது. நல்ல வேளை, ரோடு காலியாக இருந்தது.

வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது இவருடைய போன் அடித்தது. அந்தப் பையன்தான். இவர் வலது காதில் வைத்துக் கேட்டார். கிளம்பிவிட்டேன் அங்கிள் என்று அவன் சொல்வது எனக்கே கேட்டது. இவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. வண்டி குடுக்கிறதுக்கு இல்ல. எங்க வீட்ல ஓட்டுதாங்க."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு டீயை ஊதிக் குடித்தார். நானும் குடித்தேன். திரும்பும்போது மறுபடி நான்தான் ஓட்டினேன். திங்கட்கிழமை காது டாக்டரிடம் போகவேண்டும் என்றேன், சரி என்றார். பால்காரன் மறுபடியும் தண்ணீர் கலக்கிறான் என்றேன். எதிர்வீட்டு அம்மா இவரை மெக்கானிக் என்று நினைத்த கதையைச் சொன்னேன், அதையும் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒரு வருஷத்துக் கதை சேர்ந்து கிடந்தது. திருமலகிரி வந்தபோது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, அன்றைக்குக் கேட்ட அதே இடத்தில் கேட்டேன்.

"ஏங்க, நான் பேசுதது உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?"

"ஆமா, தொந்தரவுதான்" என்றார். தலையை என் பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டார்.

"அப்புறம்?"